ஓடக்கூலி

ஊத்துக்கோட்டையை ஒட்டி ஓடுகிற ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்த ஏரியில்தான் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்து வாடகைப் படகேறியவர்களில் 22 பேர் மூழ்கி இறந்தார்கள். அது மீன்பிடிப் படகு. உயிர்காப்புச் சட்டைகள் இல்லை.

பொறுப்பு யாருடையது? "ஏறச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்பார்கள் சிலர். "ஆபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பலகை எழுதி மாட்டுவார்கள் சிலர். இந்த வாதம் என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் தெரியாததால்தானே தெரிந்தவனுக்குக் கூலி கொடுக்கிறோம்? படகோடு, தண்ணீரைப் பற்றிய தன் அறிவையும் சேர்த்தே அவன் வாடகைக்கு விடுகிறான். "இத்தனை பேருக்குமேல் ஏறக்கூடாது" என்று சொல்லவேண்டிய நேரத்தில் அந்த அறிவு வாய் மூடிக்கொண்டால், வாங்கிய கூலிக்கு என்ன நியாயம்?

படகுக்காரனின் வறுமையையும் நான் மறக்கவில்லை. அவன் மறுத்தால் பக்கத்துப் படகுக்காரன் ஏற்றிக்கொள்வான். நேர்மைக்குத் தண்டனை பட்டினி என்றால் எத்தனை பேர் நேர்மையாக இருப்பார்கள்? ஆகவே எல்லாப் படகுக்கும் ஓர் அளவு வேண்டும்; அதைக் கரையிலேயே நின்று பார்க்க அதிகாரியும் வேண்டும். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து, அங்கேயும் 22 பேர் மாண்டார்கள்.

ஏறுகிற நமக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னும் ஒரு குழந்தைதானே, ஏற்றிக்கொள்ளப்பா" என்று பேரம் பேசாமலிருப்பது.