நிறுத்தும் பொத்தான்

ராஜீவ் காந்தி சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் சூழ்ந்த நாவலூரில் திரைக்குப் பஞ்சமில்லை. வகுப்பறைத் திரையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி மட்டும் அங்கும் பாக்கி.

2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இடம்பிடித்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2023இல் மணற்கேணி செயலி. பாடக் காணொளிகள் ஏராளம், அதுவும் இலவசமாக.

இதயம் பற்றிய காணொளியை முழுசாக ஓடவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நான் நம்புவதில்லை. வால்வு திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். "இனி ரத்தம் எந்தப் பக்கம் போகும்?" நோட்டில் ஆளுக்கொரு அம்புக்குறி போடட்டும். பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள். பிறகு ஓடவிடுங்கள். தப்பாகப் போட்ட பிள்ளைதான் திரையை உற்றுப் பார்க்கும்.

ஆசிரியர்களே, முந்தைய நாளே காணொளியைப் பார்த்து, நிறுத்த இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையம் கைவிடும், முன்பே தரவிறக்கி வையுங்கள்.