ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே

அக்டோபர் பிறந்துவிட்டது. ஆக்லாந்தில் நம் விரியின் ஓரத்தில், புஹினுயி ரிசர்வைத் தாண்டினால் தெரிகிற மானுக்காவ் துறைமுகச் சேற்றில் நீண்ட அலகுப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். மாவோரி மக்கள் இந்தப் பறவையைக் குவாக்கா என்கிறார்கள். தமிழில் பட்டைவால் மூக்கன். அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு, பசிபிக் பெருங்கடலை ஒரே வீச்சில் கடந்து வருகிறது. 2007-ஆம் ஆண்டு 'ஈ7' என்று அடையாளமிட்ட பெட்டைப் பறவை ஒன்று, எங்கும் இறங்காமல் எட்டு நாளில் ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் பறந்து நியூசிலாந்து வந்து சேர்ந்தது. உடலில் பொருத்திய கருவி அதைச் செயற்கைக்கோள் வழியே காட்டிக்கொடுத்தது. மார்ச் வரை இங்கே தின்று கொழுக்கும், பிறகு வடக்கே கிளம்பிவிடும். அதற்கு இரண்டு ஊரிலும் கோடைதான். எந்த ஊரின் குளிர்காலத்தையும் அது பார்ப்பதில்லை.

ஊரிலும் இங்கேயுமாக வருஷத்தை இரண்டாகப் பிரித்து வாழும் நம் அப்பா அம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ஆக்லாந்தில் இதமான மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. தமிழ்நாட்டிலும் அவையேதான். மார்கழிக் கோலம், திருப்பாவை, தைப்பொங்கல், தை மாதக் கல்யாண முகூர்த்தங்கள் எல்லாம் அப்போதுதான். இங்கே நல்ல வெயிலில் இருக்க வந்தால் அங்கே பொங்கல் போகும். அக்கினி நட்சத்திரத்துக்குத் தப்பி மே மாதம் வந்தால் இங்கே மழையும் குளிரும் வரவேற்கும். ஜூலையில் பகலிலேயே பதினைந்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், ஹீட்டர் பக்கத்தில் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பகல் மிக நீளம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை விட்டுவிட்டு வர எந்த அம்மாவுக்கும் மனம் வராது.

ஆனால் எந்த மாதம் என்பதை அவர்கள் எங்கே முடிவு செய்கிறார்கள்? மகளின் பிரசவத் தேதி முடிவு செய்கிறது, மருமகள் வேலைக்குத் திரும்பும் நாள் முடிவு செய்கிறது, டிக்கெட் விலை முடிவு செய்கிறது. பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது அவர்களுக்கு ஆனந்தம்தான், மறுக்கவில்லை. அந்த ஆனந்தத்தை நாம் சம்பளமில்லாத வேலையாக்கிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சட்டத்தின் கணக்கும் இருக்கிறது. பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான வருகை விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம், மூன்று வருஷத்தில் மொத்தம் பதினெட்டு மாதம் தங்கலாம். 2025 செப்டம்பர் 29 முதல் 'பேரன்ட் பூஸ்ட்' என்ற விசாவும் வந்திருக்கிறது. அதில் ஐந்து வருஷம் வரை இருக்கலாம், மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

விசாவைவிட என்னைக் கவலைப்படுத்துவது மாத்திரைப் பெட்டி. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளை மூன்று மாதத் தேவைக்கு மேல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. தங்குவதோ ஆறு மாதம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போடும் அப்பாவுக்கு நான்காம் மாதம் என்ன செய்வது என்று, அவர் விமானம் ஏறுமுன்பே நாம் இங்கே ஒரு மருத்துவரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். வருகை விசாவில் இருப்பவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லவும் மாட்டார்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: வழுக்கி விழுந்து அடிபட்டால், விருந்தினராக வந்தவருக்கும் இந்த நாட்டின் விபத்துக் காப்பீடான ஏசிசி சிகிச்சைச் செலவில் உதவும். வலியோடு வீட்டில் படுத்திருக்க வேண்டியதில்லை.

அங்கே பூட்டிக் கிடக்கும் வீடும் அவர்கள் நினைப்பில்தான் இருக்கும். வீட்டு வரி, கரண்ட் பில், பக்கத்து வீட்டில் கொடுத்த சாவி, தண்ணீரில்லாத முருங்கை. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவரென்றால் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று வேறு கொடுக்க வேண்டும். இவற்றில் பாதியை நாம் இங்கிருந்தே போனில் முடித்துத் தரலாம்.

இங்கே அவர்களுக்கென்று ஓர் அறை, கையில் கொஞ்சம் பணம், ஒரு பஸ் கார்டு, தனியாகப் போய்வரத் தெரிந்த ஒரு வழி, தமிழில் பேச நாலு பேர். இவ்வளவு இருந்தால் அம்மா இந்த ஊரிலும் வாழ்வார். இல்லாவிட்டால் திரும்பும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பார்.

இங்கே மாலை ஆறு மணி என்றால் ஊரில் இப்போது காலை பத்தரை. இன்று கூப்பிட்டுக் கேளுங்கள்: "அம்மா, உங்களுக்கு எந்த மாசம் வரணும்னு இருக்கு?" "உங்களுக்கு எப்போ வசதியோ அப்போ" என்பார்கள். அதோடு விடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள், அவர்கள் ஒரு மாதத்தின் பெயரைச் சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள்.