துளையும் துணிவும்

மூக்கில் அணி பூணுவது தமிழர்க்குப் புதிதன்று. பக்கத்தில் மூக்குத்தி, நடுவில் புல்லாக்கு என இருவகை அணிகளை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பரதநாட்டியம் ஆடும் பெண்கள் இன்றும் புல்லாக்குடன் மேடையேறுகின்றனர். பெரும்பாலும் அது துளையிடாமலே பொருத்திக்கொள்ளும் அணியாகிவிட்டது. ஆகவே இன்றைய இளைஞர் சிலர், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, மூக்குத் தண்டில் துளையிட்டு வளையம் மாட்டிக்கொள்வதைக் கண்டு, இஃது அயலார் பித்து என ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் பொருந்தாது. அத்துளையைச் சிறிது சிறிதாக விரிவாக்கும் பழக்கந்தான் நம்மிடையே புதியது. உலகுக்கு அதுவும் பழையதே. நியூகினித் தீவின் அஸ்மத் ஆடவர், விரிந்த துளையில் எலும்பாலும் சிப்பியாலும் ஆன அணிகளைச் செருகிக்கொள்வது மரபு. இப்பழக்கத்தின் அழகைப் பற்றி வாதிடுவது என் நோக்கமன்று. இதனுள் மறைந்து கிடக்கும் அறவியல் வினா ஒன்றை எடுத்துப் பார்ப்பதே நோக்கம்.

முதலில் செய்தியை உள்ளவாறு அறிவோம். மூக்கின் நடுச்சுவரில் பெரும்பகுதி குருத்தெலும்பும் எலும்பும் ஆகும். முன்புறத்தில் அக்குருத்தெலும்புக்கும் மூக்கடிச் சதைக்கும் இடையே மெல்லிய சவ்வுப் பகுதி ஒன்று உண்டு. பயிற்சி பெற்றோர் ஊசியைச் செலுத்துவது அவ்விடத்தில்தான். முதல் வளையத்தின் கனம் வழக்கமாக 1.2 அல்லது 1.6 மில்லிமீட்டர். புண் மேலாக ஆற 6 முதல் 8 வாரங்கள் செல்லும். உள்ளே முற்றும் ஆறுவதற்குச் சில மாதங்கள் வேண்டும். அதன் பின்னரே விரிவாக்கம். 1.6 இலிருந்து 2, பின்னர் 2.5, 3, 4 எனப் படிப்படியாகக் கனத்த வளையங்கள் மாட்டப்படும். ஒவ்வொரு படிக்கும் இடையே சில மாத ஓய்வு தேவை. அவசரப்பட்டால் தசை கிழியும், குருதி கசியும், அவ்விடம் தழும்பேறி இறுகி மேலும் விரிய மறுக்கும். சிறிய துளை, வளையத்தைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஓர் அளவுக்கு மேல் விரிந்த துளையோ பழைய நிலைக்கு மீளாது. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லை நெருங்கிவிட்டது என்று உடல் முன்கூட்டி எவர்க்கும் அறிவிப்பதில்லை.

இங்கேதான் வினா எழுகிறது. 10 மில்லிமீட்டர் அளவுக்கு மூக்கை விரித்துக்கொண்ட ஒருவர், அந்த முடிவை எப்போது எடுத்தார்? முதல் நாள் ஊசியின் முன் அமர்ந்தபோது அவர் விரும்பியது ஒரு சிறு வளையம். அடுத்த படி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கடுத்தது அரை மில்லிமீட்டர். எந்தப் படியிலும் பெரியதொன்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் மீள முடியாத பெரியதொன்று நிகழ்ந்துவிட்டது. பண்டைய கிரேக்க அறிஞர் யூபுலிடிசின் பெயரால் வழங்கும் மணற்குவியற் புதிரும் இத்தகையதே. குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும். மீண்டும் ஒன்று, மீண்டும் ஒன்று என எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியோடு குவியல் குவியலாக இல்லாமற் போகிறது? கணக்கனுக்கு இது புதிராக இருக்கலாம். வாழ்வோனுக்கு இது பொறுப்பைப் பற்றிய கேள்வி. கடனும் குடியும் வளர்வது இம்முறையில்தான். கல்வியும் கலையும் வளர்வதும் இம்முறையில்தான்.

"முதல் துளைக்கு உடன்பட்டவன் அதன் பின்விளைவு அனைத்துக்கும் உடன்பட்டவனே" என்பார் சிலர். அஃது ஏற்புடைத்தன்று. வாயிலில் கால் வைத்தவன் வீடு முழுவதையும் விலைபேசிவிட்டான் என்று கொள்ளலாகுமா? "உடல் என்னுடையது, கேட்பதற்கு நீ யார்?" என்பார் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. உடல் யாருடையது என்பதற்கு விடை கூறிவிட்டால், அவ்வுடலில் நிகழும் மாற்றத்தை யார் நடத்துகிறார் என்னும் கேள்விக்கு விடை வந்துவிடாது.

எருதை எண்ணிப் பாருங்கள். அதற்கும் மூக்குத் தண்டிலேதான் துளையிடுகிறார்கள். அத்துளையில் மூக்கணாங்கயிற்றைக் கோக்கிறார்கள். புல்லாக்கும் மூக்கணாங்கயிறும் தங்கும் இடம் ஒன்றே. ஒன்று அணி, மற்றொன்று தளை. கயிற்றின் மறுமுனை யார் கையில் உள்ளது என்பதே அவ்விரண்டையும் வேறாக்குகிறது.

இனிக் காதுக்கு வருவோம். தென்பாண்டி நாட்டில் பெண் குழந்தைகளுக்குக் காது குத்திப் பஞ்சைத் திணித்துத் துளையைப் பெரிதாக்கிப் பின் குணுக்கு என்னும் கனத்த வளையங்களை மாட்டிக் காதை வளர்த்தனர். வளர்ந்த காதில் பாம்படமும் தண்டட்டியும் தோள்வரை தொங்கின. கடல் கடந்து நம் சரவாக்கில் வாழும் காயான், கென்யா, கெலாபிட் மக்களும் பித்தளைக் குண்டுகளால் சிறு வயதிலிருந்தே காதை நீட்டினர். ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள் ஒரே அழகைக் கண்டது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு பின்னர் நிகழ்ந்தது. காலம் மாறியபோது, தமிழ்ப் பெண்கள் பலர் வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிறித்துவம் தழுவிய கெலாபிட் மக்களிலும் பலர் தம் நீண்ட காதுகளை வெட்டிக்கொண்டனர். நீட்டியபோது ஊர் சொன்னது. வெட்டியபோதும் ஊர் சொன்னது, ஊரின் குரல் மட்டும் மாறியிருந்தது. குணுக்கு ஏறிய நாளில் அக்குழந்தையை யாரும் கேட்கவில்லை. போதும் என்று சொல்லும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை.

அவ்வாறாயின், தன் கையாலேயே தன் மூக்கை விரித்துக்கொள்ளும் இளைஞன் முழு உரிமையுடையவனா? உடனே ஆம் என்று கூறிவிடல் இயலாது. கண்ணுக்குத் தெரியாத கயிறுகளும் உண்டு. நண்பர் வியப்பு ஒரு கயிறு. அடுத்தவனை விஞ்ச வேண்டும் என்னும் போட்டி ஒரு கயிறு. பெற்றோரைச் சினமூட்ட வேண்டும் என்னும் எண்ணமும் ஒரு கயிறே. எதிர்ப்பதற்காகவே ஒன்றைச் செய்பவன், தான் எதிர்ப்பவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்துவிடுகிறான்.

எனவே உரிமையை அளந்தறிய ஓர் எளிய அளவுகோல் வேண்டும். அது, நிறுத்தும் ஆற்றல். அந்த ஆற்றலைச் சோதிக்கும் இடம் படிகளுக்கு இடையே அமைந்த ஓய்வுக் காலம். ஊசியேறும் நொடியில் மனிதன் அச்சத்தோடும் ஆவலோடும் இருக்கிறான், அப்போது எண்ணமில்லை. ஓய்வு மாதங்களில் வலியில்லை, ஆவலும் தணிந்திருக்கிறது. மேலும் ஒரு படி வேண்டுமா, இவ்வளவு போதுமா, மீளாத எல்லை எவ்வளவு அருகில் உள்ளது என்று அவன் தன்னைத்தானே கேட்க முடியும். கேட்டு மேற்சென்றால் அந்தப் படி அவனுடையது. கேட்டு நின்றால் அந்த நிறுத்தமும் அவனுடையது. கேளாமலே சென்றவனை ஏதோ ஒரு கயிறு இழுத்துச் செல்கிறது. வள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்காக வகுத்த அவ்வரிசை, தன் உடலை ஆளும் ஒவ்வொருவர்க்கும் பொருந்தும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மூக்கு நடுவில் மாட்டும் குதிரைலாட வடிவ வளையத்தை மேலே திருப்பி மூக்கினுள் மறைத்துக்கொள்ள முடியும். வகுப்பில் மறைத்து, வாயிலைக் கடந்ததும் இறக்கிவிடும் மாணவர் இருக்கக்கூடும். துளை விரிய விரிய, அணியும் கனக்கும், மறைப்பது அரிதாகும். விரிந்த துளை அணி இல்லாதபோதும் பேசும். மறைத்து வாழும் வரை, செய்தவன் தன் செயலுக்கு விடைகூற வேண்டியதில்லை. மறைக்க முடியாத நிலையில் வேலை தருவோர்க்கும் உறவினர்க்கும் அவன் விடைகூறியாக வேண்டும். அந்நிலை வருமுன்னரே அவன் தனக்குத் தானே விடைகூறிப் பழகியிருத்தல் நன்று. பள்ளி விதியை ஆசிரியர் காப்பது கடமை. அத்துடன் நில்லாமல், "ஏன் குத்தினாய்?" என்று அதட்டுவதை விடுத்து, "எந்த அளவில் நிறுத்துவாய்? அதனை நீ எவ்வாறு அறிவாய்?" என்று கேட்டால், மாணவன் சிந்திக்கத் தொடங்குவான். முதற் கேள்வி அவனைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது கேள்வி அவனைப் பொறுப்பாளியாக்குகிறது.

மூக்கில் துளையே இல்லாத நமக்கும் இக்கேள்வி உரியது. அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நம்மிடம் விரிந்துவரும் பழக்கங்கள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் எதனை எண்ணித் தொடர்கிறோம், எது நம்மை இழுத்துச் செல்கிறது என்று அவ்வப்போது நின்று பார்ப்போமாக. நிறுத்த முடிந்ததைத் தொடர்பவனே தன் செயலுக்கு உரியவன்.