உள்ளே அழுத்தித் திருப்புங்கள்



நம் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற வயலின் பெட்டிகளைக் குறித்து எழுத இந்த மாதம் எனக்குள் ஒரு பாரம். ஆமா, வயலின் பெட்டிதான், சிரிக்காதீங்க. பெற்றோர் ஆசையாய் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டு மாதம் இழுக்கிறது. சத்தம் காதைக் கிழிக்கிறது. "உனக்கு சுருதி ஞானமே இல்லை" என்று வீட்டில் யாரோ சொல்லிவிடுகிறார்கள், பெட்டி மூடப்படுகிறது. நான் விசாரித்த பிள்ளைகளில் அநேகருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. சுருதி சேர்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, ஈ. கர்நாடக முறையில் ச-ப-ச-ப என்று வைப்பார்கள். நம் ஆராதனையில் கீபோர்டோடு சேர வேண்டியிருப்பதால் இந்த மேற்கத்திய முறை. முதலில் ஏ. கீபோர்டில் நடு சி-க்கு மேலே வருகிற ஏ-யை அமுக்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 440 அதிர்வு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு சுருதி இருந்தது. 1939-ல் லண்டனில் கூடின மாநாட்டில்தான் இந்த 440-ஐப் பொது அளவாக ஒப்புக்கொண்டார்கள். இங்கே ஒரு எச்சரிப்பு! நம் கீபோர்டு தம்பிமார் டிரான்ஸ்போஸை ஏற்றி வைத்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஏறியிருந்தால் நீங்கள் கேட்பது ஏ அல்ல. அதற்குச் சேர்க்கப்போனால் ஈ தந்தி அறுந்து முகத்தில் அடித்தாலும் அடிக்கும்.

அடுத்தது முறுக்காணி. அது வெறும் மரம். அதைப் பிடித்து வைக்கப் பசை கிடையாது, துவாரத்தில் இறுகி நிற்கிற இறுக்கம் மட்டும்தான். புதிதாய்ப் படிக்கிறவர்கள் திருப்புகிறார்கள், சுருதி வருகிறது, கையை எடுத்தவுடன் "கிர்ர்" என்று அவிழ்ந்துவிடுகிறது. திருப்பும்போதே உள்ளே அழுத்தணும். கொஞ்சம் இறக்கிவிட்டு, கீழிருந்து மேலே மயிரிழை மயிரிழையாய் ஏற்றணும். பிரியமானவர்களே, நம்முடைய உபவாசக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று நாள் நன்றாய்த் திருப்புகிறோம். கடைசி இரவு சுருதி ஏறிவிடுகிறது, அல்லேலூயா! திங்கட்கிழமை கடையில் நிற்கும்போது அவிழ்ந்து கிடக்கிறது. சத்தமெல்லாம் இருந்தது, வசனம் உள்ளே இறங்கவில்லை.

ஏ சேர்ந்த பிறகு ஏ-யையும் டி-யையும் வில்லால் ஒன்றாய் இழுங்கள். சேராதவரை "வொய்ங் வொய்ங்" என்று ஒரு அலை கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகும், சேர்ந்தவுடன் நின்றுவிடும். அப்புறம் டி-யோடு ஜி, ஏ-யோடு ஈ. ஈ தந்திக்கு வால்பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகே போதும். கைப்பேசியில் டியூனர் இருக்கிறதே என்பீர்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளை முதலில் கண்ணை மூடிக் கேட்டு, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று வாயால் சொல்லட்டும். பிறகு விளக்கைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 14-ம் அதிகாரத்தில் பவுல் குழலையும் சுரமண்டலத்தையும் எடுத்துப் பேசுவது, கேட்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தானே?

நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள். பிரிட்ஜ் சாய்ந்துவிடும். வயலினின் வயிற்றுக்குள்ளே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது, அதுவும் விழுந்துவிடலாம். மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே, பசையில்லாமல், அழுத்தத்தால் மட்டும் நிற்கிற குச்சி. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஆத்துமா! அது விழுந்தாலும் வெளியே வயலின் அழகாய்த்தான் இருக்கும். சத்தம் செத்துப்போகும். இதை எழுதும்போது சில முகங்கள் என் கண்முன் வருகின்றன; அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

புதுத் தந்தி சில நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பி முறுக்காணி சிக்கும், வறண்ட காலத்தில் வழுகும். ஆகவே "நேற்றுதானே சேர்த்தேன்" என்று அழுகிற பிள்ளையைத் திட்டாதீங்க. 40 வருஷம் வாசிக்கிறவரும் தினமும் சேர்த்துத்தான் வாசிக்கிறார். ஜெபத்தில் தடுமாறுகிற புது விசுவாசியைப் பார்த்து "உனக்கு அபிஷேகம் இல்லை" என்று சொல்லிவிடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதுவும் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற பேச்சுதான்.

வருகிற ஞாயிறு பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னே திறந்து வையுங்கள். ஆலயத்தின் காற்றும் சூடும் மரத்துக்குப் பழகட்டும். கீபோர்டு தம்பியிடம் ஏ கேளுங்கள். டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில்!