யாருக்கு எவ்வளவு நேரம்

வகுப்பில் ‘சார்பட்டா பரம்பரை’யின் ஒரு பகுதியைத் திரையிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கம்மா எந்தப் படத்துல இருக்காங்க மேம்?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா மீன் விற்பவர். விடியுமுன் ஏலத்தில் நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறவர். நான் மாரியம்மாவைச் சொன்னேன். புருஷனுக்குச் சமமாகச் சத்தம் போடும் அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். “அவங்க நல்லா சண்டை போடுறாங்க மேம். ஆனா என்ன வேலைக்குப் போறாங்க?” என்றாள். யோசித்துப் பார்த்தேன், எனக்கு நினைவு வரவில்லை.

வடசென்னையை ரவுடிகளின் ஊராகவே காட்டுகிறார்கள் என்ற குறை பழையது, நியாயமானதும்கூட. வேலைக்கு நேர்முகம் போகும் பெண்கள் வியாசர்பாடி என்று சொல்லத் தயங்கிப் பெரம்பூர் என்று சொல்லிவிட்டு வந்ததை என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘நல்லவர்களைக் காட்டுங்கள்’ என்பது இதற்கு விடையாகாது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் குடிசைப் பகுதியும் பொய்தான். பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014இல் வந்தபோது கால்பந்தும் படிப்பும் அரசியல் பேச்சும் அந்தக் குடியிருப்புக்குள் வந்தன. அது சாதாரண மாற்றமில்லை. இருந்தும், சுவரில் யார் படம் இருப்பது என்பதற்காக ஆண்கள் சாகிற அந்தக் கதையில், அதே சுவருக்குக் கீழே பெண்கள் பகலெல்லாம் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு மங்கலாகவே தெரிந்தது.

என் கேள்வி நேரத்தைப் பற்றியது. ஒரு கத்திக்குத்துக்குப் படம் பல நிமிடங்களைக் கொடுக்கிறது. அதற்கு முன்னால் ஒரு திட்டமிடல், பின்னால் ஒரு ஓட்டம், நடுவில் மெதுவாக்கப்பட்ட ரத்தம். தண்ணீர் லாரிக்கோ இரண்டு நொடிதான். வண்ணக் குடங்களின் வரிசை, சிரிப்புக்கு ஒரு குடுமிப்பிடிச் சண்டை, அவ்வளவுதான். லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காத்திருப்புதான் நாள். அதைச் சுற்றித்தான் சமையல், குளியல், பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகும் பஸ் எல்லாம். எதற்கு நேரம் கொடுப்பது என்று தீர்மானிக்கிறபோதே, யாருடைய வாழ்க்கை கதை, யாருடையது வெறும் இடம் என்பதையும் இயக்குநர் தீர்மானித்துவிடுகிறார். பிணத்தின்மேல் விழுந்து அழும்போது மட்டும் பெண்ணின் முகத்துக்கு அருகில் கேமரா வருகிறது. ‘வடசென்னை’யின் சந்திரா அழுகையோடு நிற்பவளில்லை என்பது உண்மை. ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்கும் முழுநேர வேலையும் செத்துப்போன கணவனுக்காகப் பழி தீர்ப்பதுதான்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களிடமிருந்து. அந்த மில் 1996இல் மூடப்பட்டது. வேலை போன ஆண்கள் வீட்டில் உட்கார்ந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது, யார் எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனார்கள் என்பதை நான் பார்த்த எந்தப் படமும் கேட்கவில்லை.

முடியாத காரியமில்லை இது. ‘காக்கா முட்டை’யில் பீட்சாவுக்கு ஏங்கும் பேரன்களுக்காகப் பாட்டி தோசைக்கல்லில் ஒரு பீட்சா செய்து பார்ப்பாள். ஒரு கிழவி சமைப்பதற்குப் படம் நின்று நேரம் கொடுத்தது. (வடசென்னைப் படமல்ல அது. அதனால்தான் முடிந்ததோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.)

சினிமாவை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. குடம் சுமக்கும் பெண்ணைப் பற்றி நானும் கவிதை எழுதியிருக்கிறேன். இடுப்பு வளைவும் தளும்பும் தண்ணீரும் அதில் உண்டு. ஒரு குடம் என்ன விலை என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த மாணவியிடம், அம்மாவின் ஒரு நாளை நீயே எழுதிக் கொண்டு வாயேன் என்றேன். “அம்மாவைக் கேக்காம எழுத மாட்டேன் மேம்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறுவாரம் வந்து சொன்னாள்: “கேட்டேன் மேம். ஐஸ் வெல ஏறிப்போச்சு, அதப் பத்தி வேணா எழுதுன்னாங்க. அவங்களப் பத்தி வேணாமாம்.”