விடுபட்ட காட்சி

"நாலு பேர் மதிக்கிற எழுத்தாளர் நீர். இந்த வயதில் உட்கார்ந்து பேய்ப் படமும் பூதப் படமும் பார்க்கிறீரே, வெட்கமாக இல்லையா?" என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைக் கேட்டார்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல. வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பயங்கரப் படங்களின் ரசிகன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதவு கிரீச்சிடுவதும், விளக்கு அணைவதும், யாரோ அலறுவதும் மட்டும் எனக்குப் போதாது. அவற்றில் ஓர் இரவின் தூக்கம் கெடும், அவ்வளவுதான். அச்சம் தெளிந்த பிறகும் ஒரு கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 'நாம் எதைக் கண்டு பயந்தோம்? பயந்தது நியாயமா?' என்று கேட்க வைக்கிற படம்தான் எனக்கு நல்ல பயங்கரப் படம். அப்படிப்பட்டவற்றுள் முதலிடம் 1931-ல் ஹாலிவுட்டில் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு.

மேரி ஷெல்லி என்ற பெண்மணி எழுதி 1818-ல் வெளியான நாவல் அதற்கு மூலம். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பலரும் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. பெற்றவன் பெயர் வைத்தால்தானே பிள்ளைக்குப் பெயர் இருக்கும்? நாவலில் அந்தப் பிறவி அழகாகப் பேசும். தன் துயரத்தை வாதாடும். ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்திலோ அதற்குப் பேச்சும் இல்லை. உறுமல்தான் உண்டு.

பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் ஓடும்போது பூதத்துக்கு எதிரே அவர் பெயரைப் போடாமல் வெறும் கேள்விக்குறியைப் போட்டார்கள். ரசிகர்களைக் கவர்வதற்காகச் செய்த விளம்பரத் தந்திரமாக இருக்கலாம். ஆனால் பார்க்கப் பார்க்க அந்தக் கேள்விக்குறியில்தான் படத்தின் பொருளே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்தில் ஏரிக்கரைக் காட்சி ஒன்று உண்டு. ஊரே கண்டு அஞ்சுகிற பூதம் ஓடிவந்து ஓர் ஏரிக்கரையை அடைகிறது. அங்கே ஒரு சிறுமி தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவள் பயப்படவில்லை. 'என்னோடு விளையாட வருகிறாயா?' என்கிற பாவனையில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். பூ ஒன்றைக் கொடுக்கிறாள். இருவரும் உட்கார்ந்து பூக்களைத் தண்ணீரில் எறிகிறார்கள். பூக்கள் படகு போல் மிதக்கின்றன. பூதத்தின் முகத்தில் சிரிப்பு வருகிறது. படம் முழுவதிலும் அதற்குக் கிடைக்கிற இன்பம் இந்த ஒரு நிமிஷம்தான். கையிலிருந்த பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. பூப் போலிருக்கும் இந்தப் பெண்ணும் மிதப்பாள் என்று அந்தப் பேதை நினைக்கிறது. தூக்கி எறிகிறது. அவள் மிதக்கவில்லை. தண்ணீரில் துழாவிப் பார்த்துவிட்டு, தான் செய்தது இன்னதென்று புரியாத தவிப்போடு அது தடுமாறி ஓடுகிறது.

குழந்தை செத்தது உண்மை. அதைக் கொன்றதும் அந்தக் கைதான். ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்தவன் அதைக் கொலை என்று சொல்லத் தயங்குவான். வேறு என்ன சொல்வதென்றும் தெரியாமல் நிற்பான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அமெரிக்காவில் சில மாநிலங்களின் தணிக்கையாளர்களுக்கு இந்தக் காட்சி பொறுக்கவில்லை. குழந்தையைத் தண்ணீரில் எறிவதைக் காட்டலாமா என்று அந்தப் பகுதியை வெட்டச் சொன்னார்கள். பிறகு படம் மறுபடியும் திரையிடப்பட்டபோதும் அது இல்லாமலே வந்தது. 1980-களில்தான் விடுபட்ட துண்டு கிடைத்துப் படத்தில் திரும்பச் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் ரசிகர்கள் அதைப் பார்க்காமலே படம் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது என்ன? பூதம் தன் வெறுங்கைகளைப் பார்க்கிறது. சிறுமியை நோக்கிக் கையை நீட்டுகிறது. அத்துடன் காட்சி முடிந்துவிடுகிறது. சற்று நேரம் கழித்து, அவள் தந்தை நனைந்த உடலைக் கைகளில் ஏந்தியபடி ஊர்வழியே நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்தது? அதை அவரவர் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது. மனித மனம் காலி இடத்தை நல்லதால் நிரப்புவதில்லை. வாயால் சொல்லக் கூசுகிற கொடுமைகளையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தது. பயங்கரத்தைக் குறைப்பதற்காக வெட்டினார்கள்; பயங்கரம் பல மடங்கு பெருகிவிட்டது. அறியாமையால் தவறிழைத்த ஒரு பிறவி, கத்தரிக்கோலின் ஒரு வெட்டில் மிருகமாகிவிட்டது.

'அரக்கன் எப்படி உண்டாகிறான்?' என்று யாராவது என்னைக் கேட்டால் பிணங்களைத் தைத்து மின்னலைப் பாய்ச்சி என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு காட்சியை வெட்டிவிட்டால் போதும். யாரை வேண்டுமானாலும் அரக்கனாக்கிவிடலாம்.

இப்படிச் சொன்னால், 'எல்லாக் கொடியவர்களிடமும் இரக்கப்படச் சொல்கிறீரா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரக்கமும் ஏமாறக்கூடியதுதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படம் 1960-ல் வந்தது. அதில் விடுதி நடத்துகிற இளைஞன், கொலையுண்ட பெண்ணின் உடலைக் காரில் வைத்துச் சதுப்பு நிலத்தில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவன் திகைத்துப் போகிறான். பார்த்துக்கொண்டிருக்கிற நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'மூழ்கித் தொலையேன்!' என்று நினைக்கிறோம். ஒரு கொலை மறைக்கப்பட வேண்டும் என்று நம் உள்ளம் வேண்டிக்கொள்கிறது! கேமரா யார் பக்கத்தில் நிற்கிறதோ அவன் பக்கத்தில் நம் இரக்கமும் போய் நின்றுகொள்கிறது.

ஆகவே, இரக்கம் ஒன்றே நீதியாகிவிடாது. ஆத்திரம் ஒன்றே நீதியாகிவிடாது என்பதைப் போலத்தான் இதுவும். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 'நான் பார்க்காத காட்சி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்பதே அந்த வேலை. அதைக் கேட்ட பிறகு ஒருவன் கொடியவன் என்றே தெரியவந்தால், அவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கேட்காமல் கை ஓங்குகிறவனுக்குத்தான் சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை.

டெலிவிஷனிலும் இதைச் சொன்ன ஒருவர் இருந்தார். ராட் செர்லிங் என்பவர் 1959 முதல் 1964 வரை அமெரிக்க டெலிவிஷனில் 'ட்வைலைட் சோன்' என்ற தொடரை நடத்தினார். 1960 மார்ச்சில் வந்த ஒரு கதையில் அமைதியான ஒரு தெரு. மேப்பிள் தெரு என்று பெயர். ஒரு மாலையில் வானத்தில் ஏதோ பளிச்சிடுகிறது. மின்சாரம் நிற்கிறது, கார்கள் கிளம்பவில்லை. ஒரு சிறுவன் தான் படித்த கதையை நினைத்துக்கொண்டு, வேற்றுலகத்தார் மனித உருவில் நம் நடுவிலேயே இருப்பார்கள் என்கிறான். அது போதுமானதாகிவிடுகிறது. ஒருவன் இரவில் ஏன் வானத்தைப் பார்த்தான், மற்றவன் வீட்டு விளக்கு மட்டும் ஏன் எரிகிறது என்று ஆளுக்கு ஆள் சந்தேகம் கிளம்புகிறது. அடுத்த தெருவின் நிலைமையை அறிந்துவரப் போன அண்டை வீட்டுக்காரன் இருளில் திரும்பி வருகிறான். அரக்கன் வருகிறான் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். வேற்றுலகத்தார் உண்மையில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் குன்றின்மேல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விளக்கை அணைத்ததைத் தவிர அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. மற்றதைத் தெருவே செய்துகொண்டது.

இதையெல்லாம் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. 2018-ம் ஆண்டு என் நினைவில் இருக்கிறது.

அந்த ஆண்டு, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி நாடெங்கும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. வதந்தியோடு வந்த காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர்கள் வயிறு பதறியது. அந்தப் படம் நம் நாட்டில் எடுக்கப்பட்டதே அல்ல. குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிப்பதற்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் முடிவில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் விழுந்த அதே வெட்டு!

அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தியது. அவர்களில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் கையிலிருப்பதைக் கொடுக்கத் தோன்றுவது நம் ஊர்ப் பாட்டிகளின் இயல்பு. கூட்டம் கூடி அவர்களை அடித்தது. அந்த மூதாட்டி உயிர் பிழைக்கவில்லை.

அதே கோடையில் எங்கள் தெருவிலும் ஒன்று நடந்தது. செய்தித்தாளில் வருகிற அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் நண்பரிடம் வெட்கம் என்று சொன்னேனே, அது இதைப் பற்றியதுதான்.

ஒரு மாலை, மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே ஒரு குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது. பந்து உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. தோளில் கோணிப்பை மாட்டிக்கொண்டு, பழைய காகிதமும் புட்டியும் பொறுக்கியபடி ஒருவர் வந்தார். கையிலிருந்த கம்பியால் பந்தை எடுத்தார். தம் சட்டையிலேயே துடைத்தார். குனிந்து குழந்தையிடம் நீட்டினார். அந்தச் சமயம் பார்த்து எதிர் வீட்டிலிருந்து வெளியே வந்த ஒருவர் கண்டது என்ன? கோணிப்பை, கம்பி, குனிந்த ஆள், நீட்டிய கை. "பிடி, பிடி!" என்று கத்தினார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியவில்லை. அவர் ஏதோ சொன்னது அவர்கள் காதில் உறுமலாகத்தான் விழுந்திருக்கும். அறை விழுந்தது. உதட்டில் ரத்தம் தெரிந்தது.

விடுபட்ட காட்சி என்னிடம் இருந்தது. அந்தத் தெருவில் என் ஒருவனிடம்தான் இருந்தது. கார்லாஃபின் நீட்டிய கைகளைப் பார்த்து எத்தனையோ முறை கண் கலங்கியவன் நான். இரண்டு மாடிப் படி இறங்கி, "ஐயா, நான் பார்த்தேன், பந்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்" என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. மாடியிலிருந்து குரல் கொடுத்திருக்கலாம், அதுவும் வரவில்லை. கூட்டம் என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். குன்றின்மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களின் வரிசையில் நானும் நின்றேன்.

தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் அதட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, "கண்ணு, இவரு உங்கிட்ட என்ன கொடுத்தாரு?" என்று கேட்டாள். குழந்தை பந்தை உயர்த்திக் காட்டியது. "எங்கே கெடந்துது?" என்று கேட்டாள். சாக்கடையைக் காட்டியது. ஓங்கிய கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அந்த மனிதர் கீழே சிதறியிருந்த காகிதங்களைப் பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எங்கள் தெருப்பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் பயங்கரப் படம் எதுவும் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அத்தனையும் பார்த்தவன். கலை மனத்தை உருக்கும். ஆனால் உருகிய மனம் தானாகப் படி இறங்கி வந்துவிடாது. இருளில் உட்கார்ந்து அழுவதற்குக் காசு கொடுத்தால் போதும். வெளிச்சத்தில் நின்று ஒரு வார்த்தை கேட்பதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. அது அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் இனிமேல் அந்தப் படங்களைப் பார்க்க மாட்டீரா?" என்று கேட்டார்.

பார்ப்பேன் என்றேன். அந்த ஏரிக்கரைக் காட்சியை மறுபடியும் பார்ப்பேன். அந்தச் சிறுமி பூவை நீட்டும்போதெல்லாம் இப்போது எனக்கு எங்கள் தெருச் சாக்கடையும், துடைத்த பந்தும், உதட்டு ரத்தமும் நினைவுக்கு வருகின்றன. அடுத்த முறையாவது கால் வர வேண்டுமே என்பதற்காகத்தான் பார்க்கிறேன்.