நிறைய இருந்தால் மரியாதை வேண்டாமா?

பொங்கோல் கோப்பிக்கடையில் பச்சையும் சிவப்புமாக அகர் அகர் அடுக்கி வைத்திருப்பார்கள். அது கடற்பாசியிலிருந்து வருவது என்று யாருக்கும் ஞாபகம் வராது. பாசிதானே, மறுபடி வளரும். ஆனால் 'அழியும் நிலையில் உள்ள மரம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே நம் குரல் தாழ்ந்துவிடும். அரிதானதற்கு மரியாதை, நிறைய இருப்பதை இஷ்டத்துக்கு எடுக்கலாம். இந்தக் கணக்கு தர்மம்தானா?

யூ என்ற ஊசியிலை மரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பசிபிக் கரையில் காடு வெட்டியவர்களுக்கு அது குப்பை மரம். மற்ற கழிவுகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். 1960களில் அதன் பட்டையில் புற்றுநோயை எதிர்க்கும் பாக்ளிடாக்செல் கிடைத்தது. 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி. 1992இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் வேண்டியிருந்தன. தேவை இமயமலை யூ மரத்தையும் விடவில்லை. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 1995இல்தான் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

என் பாட்டிக்கு அந்த மருந்து ஏறியிருக்கிறது. "மரத்தை விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். பட்டையை உரித்ததைவிட, அதற்கு முன்பு என்னவென்றே பார்க்காமல் கொளுத்தினார்களே, அதுதான் உறுத்துகிறது. (பிற்பாடு இலையிலிருந்தும், செல் வளர்ப்பிலிருந்தும் மருந்து செய்ய வழி கண்டுபிடித்தார்கள். பொறியியல் மாணவனாக எனக்குக் கொஞ்சம் பெருமை!)

இப்போது பாசிக்கு வருவோம். ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்து பாசி எடுக்கிறார்கள். அகர் அதிலிருந்தும் வருகிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்திலேயே இவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அப்படியிருந்தும் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்துவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் எடுப்பது. அடி மிஞ்சினால் பாசி திரும்பத் துளிர்க்கும். இதை முன்னின்று செய்த சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015இல் சீக்காலஜி விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்.

என் வகுப்புத் தோழன் ஒருவன், "இதில் தர்மம் எங்கேடா வந்தது? நாளைக்கும் சம்பாதிக்கணும், அவ்வளவுதானே? வளரும் வேகத்துக்கு ஏற்ப எடு, கணக்கு முடிந்தது" என்றான். பாதி சரி. எவ்வளவு எடுக்கலாம் என்பதை வளரும் வேகம் சொல்லும். அடியை விட்டு எடுக்கும் கைக்கு அது மட்டும் போதாது. வீட்டில் துளசியைக் கிள்ளித்தான் எடுக்கிறோம், வேரோடு பிடுங்குவதில்லை. துளசி அரிதான செடி என்பதாலா? யூ மரத்தைக் கொளுத்தியவர்களுக்கும் அது நிறைய இருந்த காலம்தானே அது.